கையைக் காட்டு

வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் செய்தியை மற்றவர் திறந்து பார்த்துவிட்டால் அதன் ஓரத்தில் இருக்கும் இரண்டு சரிக் குறிகளும் நீலமாக மாறும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். எனக்கு அந்த நீலத்தைக் கண்டால் இன்றைக்கும் ஆகாது. என் போனில் அந்த வசதியை நிறுத்தி வைத்திருக்கிறேன். "அப்படி யாருக்கு ஒளிக்கிற?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஒளிக்க வேண்டியிருந்த ஒருத்தியை எனக்குத் தெரியும், அவ்வளவுதான். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவளை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன், தேடிப் பார்க்க வேண்டாம்.

அப்போது கண்டியில் ஓர் ஆய்வுக் குழுவில் வேலை பார்த்தேன். பாலியல் நோய்களுக்கான மருத்துவத்தைப் போன் வழியாகக் கொடுத்தால், கிளினிக் வாசலை மிதிக்கக் கூச்சப்படுகிறவர்கள் வருவார்களா என்று பார்ப்பதுதான் ஆய்வு. போனிலேயே பதிந்துகொள்ளலாம். டாக்டர் கூப்பிட்டுப் பேசுவார். தேவைப்பட்டால் படம் எடுத்து அனுப்பச் சொல்வார். பிறகு பெயர் சொல்லாமல் ஓர் இலக்கத்தை மட்டும் சொல்லி லேபில் இரத்தம் கொடுக்கலாம். முடிவும் போனுக்கே வரும். குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் தமிழ் ஆட்களுக்குச் செய்தி அனுப்புவது, அவர்களைச் சந்தித்து எது சுலபமாக இருந்தது, எது கஷ்டமாக இருந்தது என்று கேட்பது எல்லாம் என் தலையில் விழுந்தது. நான் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதாக அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். நானும் அதைத் திருத்தப் போகவில்லை.

குழுவின் தலைவி ஒரு சிங்கள டாக்டர். மெடம் என்று கூப்பிடுவோம். நல்ல மனுஷி. ஆனால் முதல் கூட்டத்திலேயே "மஹய்யாவ மாதிரி இடங்களை எட்டுவது கஷ்டம்" என்று அவர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. நான் பிறந்து வளர்ந்தது மஹய்யாவயில். கல்யாணம் முடித்துக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்தாலும் அம்மா இன்னும் அங்கேதான். கண்டி டவுனிலிருந்து பேசிக்கொண்டே நடந்து போகிற தூரம். எட்டுவதற்கு ஹெலிகொப்டர் தேவைப்படாது என்று சொன்னேன். மெடம் சிரித்துவிட்டு, அப்படியானால் நீயே எட்டு என்றார்.

எட்டினேன். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் அங்கிருந்து பதிந்தார்கள். மெடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கு மட்டும் ஏதோ நெருடியது. கிளினிக் இருக்கும் ரோட்டில் நடக்கவே யோசிக்கிற சனங்கள் இவ்வளவு லேசாக வருவார்களா? விசாரித்தேன். சந்தியில் இருக்கும் கொமினிகேஷன் கடைக்காரர் நிறையப் பேருக்குப் பதிந்து கொடுத்திருக்கிறார்.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். போனுக்குக் காசு ரீலோட் போடுவது, போட்டோ கொப்பி எடுப்பது, கரண்ட் பில் கட்டுவது, பரீட்சை முடிவு பார்ப்பது, கட்டாருக்குப் போகிறவர்களின் விண்ணப்பங்களை நிரப்புவது என்று அந்தப் பக்கத்துக் குடும்பங்களின் காரியங்களில் பாதி அங்கேதான் நடக்கும். கடைக்காரர் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவர். இன்றைக்கும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எங்கள் கிளினிக்கின் விளம்பரத் தாளைக் குழுவினர் அவர் கடைக் கண்ணாடியில்தான் ஒட்டியிருந்தார்கள். கெட்டிக்காரர், கேட்ட உதவியைச் செய்வார், கூலியும் நியாயமாக வாங்குவார். அவர்மேல் ஒருவரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

நான் சொல்ல வந்தவள் பதிந்தது ஆவணியில். கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறவள், மஹய்யாவயில் மாமியாரோடும் சின்ன மகனோடும் இருந்தாள். புருஷன் கட்டாரில் சமையல் வேலை. சித்திரை வருஷப் பிறப்புக்கு வந்துவிட்டுப் போனவர் தீபாவளிக்கு மறுபடி வருவதாக இருந்தார். இரண்டு உள்ளங்கையிலும் அவளுக்குச் சிவப்பும் மண்ணிறமுமாகப் புள்ளிகள் எழும்பியிருந்தன. அரிப்பு இல்லை, வலி இல்லை. துணிச் சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருக்கிறாள். கடைக் கண்ணாடியில் இருந்த எங்கள் தாளில் உள்ளங்கையைப் பற்றி ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு, யாரிடமும் கேட்காமல், வீட்டுக்குப் போய்த் தானே பதிந்திருக்கிறாள். டாக்டர் அவளோடு பேசினார். உள்ளங்கைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். அனுப்பினாள். வலது கையில் பெருவிரலுக்குக் கீழே எண்ணெய் தெறித்த பழைய தழும்பு ஒன்று அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

அவளோடு எங்கே உட்கார்ந்து பேசுவது என்று கேட்டேன்.

"பஸ்ல பேசுவோம் அக்கா," என்றாள்.

"பஸ்லயா?"

"வீட்ல கதவுன்னு ஒன்னு இருந்தாத்தானே மூடிக்கிட்டுப் பேச? எங்க ரூமுக்கு சீலைதான் தொங்குது. கடையில சூப்பவைசர். பஸ்ல பாட்டுப் போட்டுட்டானுன்னா பக்கத்துல இருக்கிறவங்களுக்கே கேக்காது."

அப்படித்தான் கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் பஸ்ஸில், பின் சீட்டில், காது கிழியும் பாட்டுக்கு நடுவில் எங்கள் நேர்காணல் நடந்தது. ஆய்வு முறைகளைப் பற்றி எனக்கு வகுப்பெடுத்தவர்கள் 'அமைதியான, தனிமையான இடம்' என்று சொல்லித் தந்திருந்தார்கள். அந்த மகாராசன்கள் ஒருமுறை மஹய்யாவக்கு வந்து அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்துத் தரட்டும்.

நான் கேட்காமலே முதலில் ஒன்றைச் சொன்னாள். "நான் வேற யார்கிட்டயும் போகல்ல அக்கா." இதற்கெல்லாம் நம்புகிறேன் என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது, முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பாடம். நம்புகிறேன் என்று சொன்னேன்.

"அவரு வாறதுக்குள்ள சொகமாகணும்," என்றாள். "பொறகு நானே அவருகிட்ட சொல்லணும். என் வாயால. வேற யாரும் சொல்லி அவரு கேட்டா நான் என்னா சொன்னாலும் எடுபடாது. புள்ளய அவங்க வச்சிக்கிட்டு என்னையப் போகச் சொல்லிருவாங்க."

அதற்கு நான் கொடுத்த ஒரே பதில், யாருக்கும் தெரியாது என்பதுதான். எங்கள் ஏற்பாடு அப்படி. நோயின் பெயரை எழுத்தில் எங்கேயும் வைக்க மாட்டோம். அதைப் பற்றிய பேச்செல்லாம் வாயால்தான். முடிவைச் சொல்ல அவரவரே ஒரு வசனம் தேர்ந்தெடுக்கலாம். ஒருவர் சமையல் சிலிண்டரை நினைத்து 'கேஸ் வந்திருக்கு' என்று வைத்தார். இவள் 'சட்டை தைச்சாச்சு, வந்து எடுங்க' என்று வைத்தாள். நோய் இருந்தால் அந்த வசனம், இல்லாவிட்டால் 'இன்னும் தைக்கல்ல'. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். போனைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள். திறக்க ஒரு கோலம் போட வேண்டும், அது அவள் விரலுக்கு மட்டுமே தெரியும்.

"எங்க வீட்லயே பூட்டுப் போட்டது இது ஒன்னுதான்," என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

முடிவு வந்தது. நோய் இருந்தது. ஊசியால் முழுதாகக் குணமாகிற நோய்தான். சிபிலிஸ் என்ற பெயர்தான் பயங்கரம், மருந்து பழைய பென்சிலின். மத்தியானம் நான் செய்தியை அனுப்பினேன். சட்டை தைச்சாச்சு, வந்து எடுங்க. உடனே குறிகள் நீலமாயின. பார்த்துவிட்டாள், கடையிலிருந்து வெளியே வந்ததும் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. பயந்துவிட்டாள் போலிருக்கிறது, அவசரப்படுத்தாதே என்றார் மெடம். எனக்குப் பொறுமை போதாது. மூன்றாம் நாள் நானே கூப்பிட்டேன்.

"என்னா அக்கா, இன்னும் முடிவு வரல்லயா?" என்றாள்.

"அனுப்பினேனே. நீங்க பாத்தீங்களே."

"நான் ஒன்னும் பாக்கல்லயே."

எரிச்சல் வந்தது. பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்கிறாள் என்றுதான் நினைத்தேன். போனில் தேடிப் பார்த்து, "ஐயோ, இருக்கு அக்கா, ஆனா புதுசுன்னு காட்டவே இல்ல," என்றாள். அதற்கு முந்தின வாரம் 'கேஸ் வந்திருக்கு' வைத்த மனுஷனும் இதையேதான் சொன்னார். நீலம் விழுந்திருந்தது, அவர் பார்க்கவில்லை என்றார். குழுவில் அதற்கு 'மறதி' என்று பெயர் வைத்தோம்.

ஊசியை மட்டும் போனில் போட முடியாது. கண்டியில் போட அவள் சம்மதிக்கவில்லை. கெலிஓயாவில் மெடத்துக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் டாக்டரின் டிஸ்பென்சரி இருந்தது. அந்தப் பக்கம் அவளுக்குத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. கடையில் லீவு போட்டுவிட்டு வந்தாள். கெலிஓயா பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் போன் மடியில் கவிழ்ந்து கிடந்தது. அந்தப் 'புதுசுன்னு காட்டாத' விஷயம் எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்ததால் என் போனை எடுத்தேன்.

"இப்ப ஒன்னு அனுப்புறேன். நீங்க போனைத் தொடாதீங்க. சத்தம் வருதான்னு பாப்போம்."

'பஸ் ஏறியாச்சு' என்று மட்டும் அனுப்பினேன். அவள் மடியில் போன் ஒருமுறை அதிர்ந்தது. திருப்பிப் பார்த்தாள், திரை கறுப்பாகவே இருந்தது. கோலம் போடவில்லை, திறக்கவில்லை. என் போனைப் பார்த்தேன். குறிகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாக மாறின.

அவளும் அதைப் பார்த்தாள். அவள் போனை நான் பார்த்தேன். கறுப்புத் திரையில் எங்கள் இரண்டு பேரின் முகமும்தான் தெரிந்தது.

"அக்கா, யாரு பாத்தது?" என்றாள்.

போனைத் திறக்கச் சொல்லி வாங்கி, இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்துக்குப் போனேன். அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அவளிடம் கம்ப்யூட்டர் கிடையாது, அவள் வீட்டிலும் கிடையாது. அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, "மகனுக்கு ஸ்கூல் சேக்கிற கடுதாசி பிரிண்ட் எடுக்கப் போனேன்," என்று மெதுவாகச் சொன்னாள். கொமினிகேஷன் கடை. போனில் இருக்கும் கடிதத்தை அச்செடுக்க வேண்டுமானால் போனைக் கடைக் கம்ப்யூட்டரின் முன்னால் காட்டினால் போதும், வாட்ஸ்அப் முழுதும் அந்தப் பக்கம் திறந்துகொள்ளும். கடிதம் கையில் வந்ததும் எல்லோரும் போய்விடுவார்கள். அந்தப் பக்கம் திறந்தே கிடக்கும். வீட்டில் அச்சு எந்திரம் வைத்திருக்கிற ஒருவருக்கு இந்தத் தவறு நடக்காது. அதனால்தான் எங்கள் குழுவில் ஒருவர் மூளைக்கும் அது எட்டவில்லை. பதிவுகளை வெளிநாட்டில் எங்கேயோ பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டு வைத்திருந்தோம். மஹய்யாவயில் ஒருத்தி ஒரு காகிதத்தை எப்படி அச்செடுக்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெளியேறு என்று ஓர் இடம் இருந்தது. அதை அழுத்தியதும் அந்தக் கம்ப்யூட்டர் பட்டியலிலிருந்து போய்விட்டது. அவ்வளவு சுலபம். "போயிருச்சா?" என்று கேட்டாள். "போயிருச்சு," என்றேன். ஆனால் அவள் உள்ளங்கை இத்தனை நாளும் அந்தக் கடையில் இருந்திருக்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

அந்த ஊசி இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் போடுகிற ஊசி. மருந்து கெட்டி, வலி கொடுமை. டிஸ்பென்சரியிலிருந்து வெளியே வந்தவள் திரும்பும் பஸ்ஸில் உட்கார மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீட் இருக்கிறதே என்று கொண்டக்டர் இரண்டு தடவை சொன்னார். "நீங்க இருங்களேன்," என்று அவள் அவரிடம் சொன்னபோது எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஊசியைப் பற்றி எந்தப் போனிலும் நாங்கள் எழுதவில்லை. டாக்டருக்கும் மெடத்துக்கும் எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். அன்றைக்கு நாங்கள் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

மறுநாள் அம்மாவைப் பார்க்கப் போகிற சாக்கில் கடை வழியாகப் போனேன். கடைக்காரர் யாருடையதோ அடையாள அட்டையைக் கொப்பி எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"என்னா அக்கா, சட்டை தைச்சாச்சா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். கொப்பி எடுக்க வந்தவர் போகும்வரை நின்றேன். பிறகு கல்லாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். திரையின் அடியில் சின்னச் சின்ன வட்டங்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. ஆளாளுக்கு ஒன்று.

"எத்தன பேரோடது இது?"

"எல்லாரோடதும்தான்," என்றார். "ஒவ்வொரு தடவையும் போனைக் காட்டிக் காட்டி வயசானதுங்க கஷ்டப்படுதுங்க. அதனால ஆளுக்கொரு பக்கம் தொறந்தே வச்சிருக்கேன். ஒதவிக்குத்தான் அக்கா. இதுக்கு நான் ஒருத்தர்கிட்டயும் சல்லி வாங்கல்ல."

"தொறந்து வச்சிட்டு படிக்கிறீங்களா?"

"கண்ணு முன்னுக்கு வருது. படிக்காம என்னா செய்ய? கடையில ஆள் இல்லாத நேரம் சும்மாதானே இருக்கேன்." பிறகு அவருக்கும் கோபம் வந்தது. "நான் பதிஞ்சு குடுக்கல்லன்னா ஒங்க கிளினிக்குக்கு இங்கருந்து ஒரு ஆள் வந்திருக்குமா?"

அது உண்மை. "யாருகிட்ட சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"யாருகிட்டயும் இல்ல." கொப்பி எந்திரத்தின் மூடியைச் சாத்தினார். "வீட்ல மட்டும். சாப்புடறப்ப பேச்சு வந்திச்சு. அந்தப் புள்ளயோட கையில என்னமோ புள்ளி புள்ளியா இருக்கு, அந்தக் கிளினிக்குக்குப் படம் அனுப்பியிருக்கு, பாவம்னு சொன்னேன்."

திருடனாகவோ மிரட்டிக் காசு பறிக்கிறவனாகவோ இருந்திருந்தால் பொலிசுக்குப் போயிருப்பேன், மனசும் கொஞ்சம் ஆறியிருக்கும். இவர் பொழுது போகாத ஒரு நல்ல மனுஷன். சாப்பிடும்போது பெண்சாதியிடம் பேசியிருக்கிறார். அவர் பெண்சாதியும் என்னோடு கெலிஓயாவுக்கு வந்தவளின் மாமியாரும் வெள்ளிக்கிழமை கோவிலுக்குச் சேர்ந்து போகிறவர்கள்.

மெடத்திடம் சொன்னேன். செய்தி அனுப்புவதை அன்றைக்கே நிறுத்தினோம். பதிந்தவர்களை எச்சரிக்க வேண்டும், ஆனால் எச்சரிக்கையைச் செய்தியாக அனுப்ப முடியாது, அதையும் அந்தக் கம்ப்யூட்டர்தான் முதலில் படிக்கும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டும் நேரில் போயும் சொன்னேன். சிலர் உடனே வெளியேறினார்கள். சிலர் மாட்டேன் என்றார்கள். "அப்ப அடுத்த தடவ பிரிண்ட் எடுக்க என்னா செய்ய?" என்று ஒரு பெண் என்னையே கேட்டாள். கடைக்காரரை முறைத்துக்கொள்ள ஒருவருக்கும் துணிவில்லை. நாளைக்குப் பாஸ்போட் விண்ணப்பத்துக்கு அவரிடம்தானே போக வேண்டும்?

அதற்குள் மஹய்யாவயில் அவள் கையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் பக்கத்து வீட்டுப் பெண். தீபாவளிக்கு மருதாணி வைத்துப் பழக வேண்டும், கையைக் காட்டு என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் அதற்கு முன்னால் யாருக்கும் மருதாணி வைத்ததில்லை. பிறகு இன்னொருத்தி வளையல் அளவு பார்க்க வேண்டும் என்று வந்திருக்கிறாள். குழாயடியில் வாளியைத் தூக்கிக் கொடுக்கிற சாக்கில் ஒருத்தி மணிக்கட்டைப் பிடித்து விரலை விரித்துப் பார்த்திருக்கிறாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. சும்மா பார்த்தார்கள். மாமியார் அவள் கையால் பிளேன்டீ வாங்கிக் குடிப்பதை நிறுத்தினார். தானே ஊற்றிக்கொண்டார். பேரனுக்குச் சோறு ஊட்டுவதையும் தானே எடுத்துக்கொண்டார்.

"திட்டுனாலாவது பரவாயில்ல அக்கா," என்று போனில் சொன்னாள். "ஒன்னுமே பேச மாட்டேங்குறாங்க. புள்ளய தூங்கறப்பகூட அவங்க பக்கத்துல போட்டுக்கிறாங்க."

புள்ளிகள் மங்கிக்கொண்டு வந்தன. ஊசி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் ஒரு தடயமும் இருக்காது என்று அவளுக்குச் சொன்னேன். ஆனால் நாள் போகப் போக எனக்குத்தான் பயம் கூடியது. கை சுத்தமாகிறது, தீபாவளி நெருங்குகிறது, அவள் வாயால் சொல்ல வேண்டிய விஷயம் வேறு வாய்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போதே கூப்பிட்டு அவரிடம் சொல்லிவிடு என்றேன். நேரில் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன் என்று பிடிவாதமாக இருந்தாள். அவருக்கும் ஊசி போட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் உனக்கு வரும் என்றேன். தெரியும் என்றாள். அவர் எப்படி ஏற்றுக்கொள்வார் என்பதைத் தவிர வேறு எதையும் அவள் யோசித்ததாகத் தெரியவில்லை. அவர்மேல் அவளுக்கு ஒரு வார்த்தை கோபம் வந்து நான் கேட்டதில்லை. எனக்கு வந்தது. ஆனால் அது எனக்குச் சம்பளம் தருகிற வேலை இல்லை.

கடைசியாக அவளைச் சந்தித்ததும் பஸ்ஸில்தான். அதே கட்டுகஸ்தோட்டை பஸ், சாயந்தரம், அதே பின் சீட். குழுவின் கடைசிக் கேள்விகளைக் கேட்க வந்திருந்தேன். தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வத்துகாமம் சந்தியைத் தாண்டும்போது அவள் போன் அடித்தது. புருஷன், வீடியோவில்.

"எடுக்கல்லன்னா சந்தேகப்படுவாரு," என்று சொல்லிவிட்டு எடுத்தாள். நான் கெமராவில் விழாதபடி ஜன்னல் பக்கம் ஒதுங்கிக்கொண்டேன்.

எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். பஸ்ஸில் என்றாள். சாப்பிட்டாயா, பிள்ளை எங்கே என்று ஒன்றும் கேட்கவில்லை.

"கையைக் காட்டு," என்றார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. வலது கையை விரித்துக் காட்டினாள். எண்ணெய்த் தழும்பைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

"மத்தது."

போனைக் கை மாற்றிப் பிடித்து இடது கையைக் காட்டினாள். பாட்டுச் சத்தத்தில் அவர் பேசுவது கேட்க நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டு முடிந்தது, அடுத்தது இன்னும் தொடங்கவில்லை. அப்போது குரலை இறக்கிக் கேட்டார்.

"ஊசி போட்டாச்சா?"

"என்ன ஊசி?"

"ரெண்டு பக்கமும் போட்டாங்களா?"

அவள் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். அவருக்கும் தான் கேட்டது என்னவென்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "ஒன்னுமில்ல. வந்து பேசுறேன்," என்றார். திரை அணைந்தது.

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். மாமியார் புள்ளியைப் பற்றித்தான் அவரிடம் சொல்லியிருக்க முடியும். கடைக்காரர் பார்த்ததும் புள்ளியைத்தான். நோய் என்னவென்றே மஹய்யாவயில் யாருக்கும் தெரியாது. ஊசியைப் பற்றி, அதுவும் இரண்டு பக்கமும் போடுகிற ஊசியைப் பற்றி, அதைப் போட்டுக்கொண்டவருக்குத்தான் தெரியும்.

"அங்க விசா புதுப்பிக்க ரத்தம் எடுத்து மெடிக்கல் பாத்தாங்கன்னு ஆனி மாசம் சொன்னாரு," என்றாள். "ரெண்டு நாளா ஒக்கார ஏலாம இருக்குன்னு சொன்னாரு. இடுப்பு புடிச்சிக்கிட்டதுன்னு நெனச்சி தைலம் தடவச் சொன்னேன் அக்கா."

அதைச் சொல்லும்போதும் அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், ஆத்திரத்தில். ஆனியிலேயே அந்த மனுஷனுக்குத் தெரியும். தன் பெண்சாதி கையில் இது வரும் என்றும் தெரியும். ஊசியைப் போட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, வீடியோவில் தினமும் பிள்ளைக்கு முத்தம் கொடுத்திருக்கிறார். அவள் தன் புள்ளியை மறைக்கப் பஸ் பஸ்ஸாக அலைந்திருக்கிறாள்.

மஹாவலிப் பாலத்தில் பஸ் ஏறும்போது போனை எடுத்தாள். கோலத்தைப் போட்டுத் திறந்து அவருக்கு ஒரு வரி எழுதினாள். அனுப்பும் முன் எனக்குக் காட்டினாள். 'இப்ப நீங்க ஒங்க கையைக் காட்டுங்க.' வேண்டாம், அவர் வரட்டும், பிள்ளை அங்கே அவர்கள் பக்கத்தில் இருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அனுப்பிவிட்டாள்.

இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாலம் முடிவதற்குள் குறிகள் நீலமாயின. இந்தத் தடவை பார்த்தது யார் என்று அவள் கேட்கவில்லை. பதில் வரும் என்று கட்டுகஸ்தோட்டை பஸ் நிலையம் வரை போனைக் கையிலேயே வைத்திருந்தாள். வரவில்லை.

இறங்கி நின்று திரும்பிப் போகிற பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். என் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"புள்ள அங்கதானே அக்கா இருக்கு," என்றாள்.